சுட்ட படமா, எடுத்த படமா?

கேள்வி: போன இதழ் அட்டையில் வந்த கோடியக்கரைப் பூநாரைப் படத்தைப் புகழ்ந்து ஒரு பக்கம் முழுக்கக் கடிதங்கள் போட்டிருக்கிறீர்கள். இப்போது எல்லாவற்றையும் கேமராவே பார்த்துக்கொள்கிறது. போய் நின்று நாலு படம் சுட்டுக்கொண்டு வர வேண்டியதுதானே? இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?
– பெயர் எழுதாத வாசகர், திண்டிவனம்

பதில்: 'சுட்டுக்கொண்டு' என்று ஒரு வார்த்தை போட்டீர்கள் பாருங்கள், அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. தமிழில் தோசை சுடலாம், துப்பாக்கியால் சுடலாம், அடுத்தவன் பொருளைச் சுடலாம். படத்துக்கு இதில் எது?

துப்பாக்கிக்கும் கேமராவுக்கும் பழைய உறவு உண்டு, மறுக்கவில்லை. ஸ்நாப்ஷாட் என்பதே முதலில் வேட்டைக்காரர்களின் சொல். நிதானித்துக் குறிபார்க்காமல் சட்டென்று சுடுவதற்கு அந்தப் பெயர். 1882இல் எத்தியென் ஜூல் மாரே என்ற பிரெஞ்சு அறிஞர், பறவை எப்படிச் சிறகடிக்கிறது என்று பார்ப்பதற்காகத் துப்பாக்கி மாதிரியே ஒரு கேமரா செய்தார். தோளில் அணைத்து, குழலைப் பறவை பக்கம் திருப்பி, விசையை இழுத்தால் நொடிக்கு 12 படம். ஒரு பறவைக்கும் காயம் கிடையாது.

அப்புறம் நம் காட்டிலேயே எஃப். டபிள்யூ. சாம்பியன் என்று ஒரு வனத்துறை அதிகாரி இருந்தார். அந்தக் காலத்துத் துரைமார்கள் செத்த புலியின் மேல் கால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, இவர் புலி நடக்கும் தடத்தின் குறுக்கே ஒரு கம்பியைக் கட்டி, அதைக் கேமராவோடும் ஃப்ளாஷோடும் இணைத்துவிட்டு வந்துவிடுவார். இரவில் கம்பியில் கால் பட்டால் புலி தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். புலிதான் வரும், அன்றைக்கே வரும் என்று யார் உறுதி கொடுப்பது? 1925இல் அந்தப் படங்கள் லண்டன் வார இதழ் ஒன்றின் முதல் பக்கத்தில் வந்தன. படம் விழுந்த அடுத்த நொடி புலி தன் வழியே போய்விட்டது. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

நீங்கள் தோசை சுடுவதைச் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். கல் காயும்வரை காத்திருக்க வேண்டும், முந்தினால் ஒட்டும், பிந்தினால் கருகும். கோடியக்கரையில் நடந்ததும் அதுதான். அந்தப் படத்தை எடுத்த தம்பி நாலு நாள் விடியற்காலை போய் நின்றார்; ஒரு நாள் நானும் கூடப் போனேன். உப்பளத்துப் பக்கம் முழங்கால் வரை சேறு, கிட்டே போனால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும், எட்ட நின்றால் பறவை புள்ளியாகத் தெரியும். உப்புக் காற்று லென்ஸில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது, துடைத்துத் துடைத்துத் துணியே உப்பாகிவிட்டது. வெயில் ஏறிவிட்டால் தரையிலிருந்து கானல் எழுந்து, தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் டெலி லென்ஸில் பூநாரையின் கால்கள் நெளிய ஆரம்பிக்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸாக இருந்தாலும் நெளியத்தான் நெளியும். அதற்கு மேல், வெளிர்ப் பறவை, வெள்ளை உப்பு, வெளுத்த வானம் மூன்றையும் ஒன்றாகப் பார்க்கும் கேமரா, தன் கணக்குப்படி எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடும். கேமராவுக்குள் விழும் வெளிச்சத்தை ஆள்தான் கூட்டி வைக்க வேண்டும். கேமரா எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது என்கிறீர்களே, இதைத்தான் அது பார்ப்பதில்லை. நான் போன நாளில் ஒரு பருந்து தலைக்கு மேல் வந்தது, கூட்டம் முழுதும் சூரியன் பக்கமாக எழும்பி வெறும் நிழல்களாகப் போய்விட்டது. நாலாம் நாள் அட்டைப்படம் கிடைத்தது, அதுவும் இருபது நிமிட வெளிச்சத்துக்குள்.

மா. கிருஷ்ணனை நான் மறுபடி இழுப்பதாகப் பழைய வாசகர்கள் சொல்வார்கள், சொல்லட்டும். 1912இல் பிறந்து 1996இல் மறைந்த அந்தச் சென்னைக்காரர், வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிக்கொண்ட கேமராவோடு முதுமலையில் யானை மேல் உட்கார்ந்து காட்டு யானைகளைப் படம் எடுத்தவர். ஏறி உட்கார்ந்திருக்கும் யானை மூச்சு விட்டாலே கேமரா ஆடும். ஃபிலிமைக் கழுவிப் பார்க்கும்வரை என்ன விழுந்திருக்கிறது என்று தெரியாது. வண்ணம் வந்த பிறகும் கருப்பு வெள்ளையை விடவில்லை. படம் எடுத்ததோடு நிற்காமல், யானை அங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் எழுதி வைத்தார்.

சரி, மூன்றாவது சுடுதலுக்கு வருகிறேன், எனக்குக் கோபம் வருவது அதில்தான். முன்பு நான் வேலை பார்த்த ஒரு பத்திரிகையில் முதலாளியோடு இதற்காகவே சண்டை. யாரோ ஒருவர் சேற்றில் நின்று எடுத்த படத்தை எடுத்துப் போட்டு, கீழே 'நன்றி: இணையம்' என்று அச்சடிப்பார்கள். இணையமா விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வேதாரண்யம் பஸ் பிடித்தது? "நெட்டில் கிடப்பது எல்லோருக்கும் பொதுதானே" என்பார் அவர். கிடையாது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி படத்தை எடுத்தவர்தான் அதன் ஆசிரியர். ஆமாம், சட்டத்தில் அவருக்கும் ஆசிரியர் என்றே பெயர். 2012 திருத்தத்துக்குப் பிறகு அவர் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பின் 60 ஆண்டும் அந்த உரிமை நிற்கிறது. இன்றைக்கும் தமிழ் இதழ்களில் கதை எழுதியவர் பெயர் கொட்டை எழுத்தில் வருகிறது, படம் எடுத்தவர் பெயர் எறும்பு அளவில் ஓரத்தில் வருகிறது, அல்லது வருவதே இல்லை. எனக்கு இது பொறுக்கவில்லை.

கடிதத்தோடு நீங்களும் இரண்டு படம் அனுப்பியிருக்கிறீர்கள். தேன்சிட்டுக் கூட்டின் படத்தை நாங்கள் போட மாட்டோம். குஞ்சு தெளிவாகத் தெரிய வேண்டும் என்று இலையை ஒதுக்கியிருக்கிறீர்கள், அந்த வழியாக வெயிலும் வரும், காக்காயும் வரும். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் கண்மாய்ப் பறவைகளுக்காக ஊரே தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. நீங்கள் ஒரு இலையை விட்டுவைத்திருக்கலாம். இன்னொன்று, மின்கம்பியில் மழையில் நனைந்தபடி உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தி, அருமையான படம். அடுத்த இதழில் போட ஆசை. அதை எங்கே எடுத்தீர்கள், எவ்வளவு நேரம் நனைந்தீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள். கூடவே உங்கள் பெயரையும் எழுதி அனுப்புங்கள், பெயர் இல்லாமல் நாங்கள் படம் போடுவதில்லை.