காருக்குள்ள தண்ணி: மாரிக்கு முந்தி ஒரு கேள்வி பதில்

கிளிநொச்சியில கராஜ் வைச்சிருக்கிறன். இடம்பெயர்ந்து திரிஞ்ச காலத்தைக் கழிச்சால் 18 வருசம். புரட்டாதி பிறந்திட்டுது. வாகனத்தில மழைத்தண்ணி போற ஓட்டை, குழாய் பற்றிக் கேளுங்கோ. எஞ்சின், கியர் இண்டைக்கு வேண்டாம்.

கேள்வி (வவுனியா): கொழும்பில ஒரு பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கினனான் அண்ணை, துணிக்கூரை. ஒரு மழைக்கே சீற்றுக்குப் பின்னால கார்பெட் ஊறிப்போச்சு. துணியில ஒரு கிழிசலும் இல்லை. தண்ணி எங்கயால வருது?

பதில்: வன்னியில இந்தக் கேள்வி வருமெண்டு நான் நினைக்கேல்லை, சந்தோசம். துணியில விழுற தண்ணி பின்னுக்கு வழிஞ்சு, பின் விளிம்புக்குக் கீழ இருக்கிற பீலிக்குள்ள விழும். வீட்டுக் கூரைப் பீலி மாதிரித்தான். அங்கயிருந்து ரெண்டு பக்கமும், சீற் பெல்ற் பூட்டின இடத்துக்குப் பின்னால, ஒவ்வொரு ஓட்டை. ஓட்டையில இருந்து குழாய் இறங்கி, பின் சில்லுக்குக் கொஞ்சம் முன்னால காருக்கு அடியில வெளிய வரும். குழாய் அடைச்சால் பீலி நிரம்பித் தண்ணி உள்ள சரியும். கார்பெட் ஊறுறது சின்னப் பிரச்சினை. கதவுக்குக் கீழ இருக்கிற பெட்டித் தகட்டுக்குள்ள தண்ணி தேங்கி, உள்ளுக்குள்ளால கறள் பிடிக்கும். வெளியில பெயின்ற் கொப்பளிக்கேக்கதான் தெரியும், அப்ப தகடு வெட்டி ஒட்டுற வேலை.

கூரையைப் பாதி தூக்கி விட்டிட்டு, சீற்றுக்குப் பின்னால ரோர்ச் அடிச்சுப் பாருங்கோ. சருகு, மண் இருந்தால் கையால அள்ளுங்கோ, மிச்சத்தை வக்கியூமால இழுங்கோ. உள்ள தள்ளாதேங்கோ. பிறகு புல்லு வெட்டுற மிசினுக்குப் போடுற தடிச்ச நைலோன் தங்கூசி ஒண்டரை மீற்றர் எடுத்து, நுனியை நெருப்பில காட்டி உருட்டி, மெதுவாத் திருப்பித் திருப்பி விடுங்கோ. கடைசியா ஒரு லீற்றர் சோடாப் போத்தலில தண்ணி எடுத்து, கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்கோ. ஒராள் கீழ குனிஞ்சு பாக்கவேணும். ஊத்தின கையோட நிலத்தில விழவேணும்.

கம்பி விடாதேங்கோ.

கேள்வி (மல்லாவி): சைக்கிள் பிறேக் கம்பி வளையும்தானே, அதை விட்டால் என்ன?

பதில்: வளையும். நுனி பிரிஞ்சு குழாயையும் கிழிக்கும். பிறகு தண்ணி ஓடும், ஆனா காருக்குள்ளதான் ஓடும்.

கேள்வி (முழங்காவில்): கம்பிரசர் இருக்கு. மேல இருந்து ஒரு அடி அடிச்சால் போகாதோ?

பதில்: அடைப்புப் போகாட்டில் குழாய் பொருத்தில இருந்து கழரும். தூணுக்குள்ள கழண்ட குழாயைப் பிடிக்க நான் ஒரு நாள் முழுக்க உள் லைனிங் கழட்டியிருக்கிறன். காசு தந்தவருக்கும் கோபம், எனக்கும் கோபம்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): எங்கட பஜெரோவுக்கு மேல கண்ணாடி திறக்கும். மழைக்குப் பிறகு, பிறேக் பிடிக்கேக்க உள் கூரையில இருக்கிற முன் லைற்றடியில இருந்து தண்ணி தலையில ஊத்துது. இவர் கண்ணாடி றப்பரை மாத்தச் சொல்லுறார்.

பதில்: அக்கா, றப்பரை விடுங்கோ. அந்த றப்பர் முழுத் தண்ணியையும் மறிக்கிறதுக்கு இல்லை. தண்ணி உள்ள வரும் எண்டு தெரிஞ்சுதான் சுத்திவரத் தட்டும் நாலு மூலையில நாலு குழாயும் வைச்சிருக்கிறாங்கள். முன் ரெண்டும் முன் கண்ணாடித் தூணுக்குள்ளால இறங்கும், பின் ரெண்டும் பின் தூணால.

போன வருசம் இப்பிடி ஒரு வாகனம் வந்தது. மேல துப்புரவு, தங்கூசி ரெண்டு சாண் போய் நிக்குது. கீழ் வாயால பாத்தால் செம்மண் கட்டி, சுண்டுவிரல் மொத்தம், சீமெந்து மாதிரி. குத்தி எடுத்து உடைச்சால் உள்ள சின்னச் சின்னச் சிலந்தி, அடுக்கி வைச்ச மாதிரி. குளவி. குஞ்சுக்குச் சாப்பாடு கட்டி வைச்சிருக்கு. நிப்பாட்டி வைச்ச வாகனமெண்டால் கீழ் வாயை முதல் பாருங்கோ.

கேள்வி (மாங்குளம்): வகன் ஆர். மழையே இல்லை, இடப்பக்கக் கால் வைக்கிற இடம் ஈரம்.

பதில்: ஏசித் தண்ணி. அதின்ர குழாய் வேற, காருக்கு அடியில தனியா ஒரு சின்ன வாய். கிறவல் றோட்டுப் புழுதி அடைச்சிருக்கும். தொட்டு மணந்து பாருங்கோ: மணமில்லாட்டி ஏசி, இனிச்ச மணமும் பிசுபிசுப்பும் எண்டால் கூலன்ற்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): வெள்ளம் புகுந்த காருக்கு இன்சூரன்ஸ் எடுக்கலாமோ?

பதில்: இன்சூரன்ஸ்காரரைக் கேளுங்கோ.

கேள்வி (பரந்தன்): மண்ணெண்ணெய் ஊத்தினால் கரையாதோ?

பதில்: மண் கரையாது, றப்பர்தான் ஊதும். இளஞ்சூட்டுத் தண்ணியும் ஒரு துளி ஷாம்பூவும் போதும். எல்லாருக்குமா ஒருக்காச் சொல்லுறன்: வேம்புக்குக் கீழ வாகனம் நிப்பாட்டாதேங்கோ.

கேள்வி (வவுனிக்குளம்): இதென்ன கதை? சித்திரை வெயிலில விடவோ? துணிக்கூரை வெடிக்கும், டாஷ்போட் பிளக்கும். எங்கட அப்பு காலத்தில இருந்து வேம்படிதான் கராஜ்.

பதில்: ஐயா, அப்புவின்ர வண்டிக்குப் பீலி இல்லை. வேப்பம் இலை ஈர்க்கோட விழுந்து வைப்பருக்குக் கீழ இருக்கிற தட்டில, தண்ணி போற ஓட்டைக்குக் குறுக்க கிடக்கும், பூ அதில வந்து அடையும், மேல புழுதி. முதல் மழைக்குக் களி.

கேள்வி (அதே ஐயா): அப்ப புளிக்குக் கீழ விடலாமோ?

பதில்: புளி இலை இன்னும் சின்னன். எந்தச் சல்லடைக்குள்ளாலயும் போகும்.

கேள்வி (அக்கராயன்): ஐயா சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு. வெயிலில றப்பர் காய்ஞ்சால் அதாலயும் ஒழுகும்.

பதில்: ஒழுகும், ஒத்துக்கொள்ளுறன். நாலு மரத்தூண் நட்டு மேல கிடுகு போடுங்கோ, அதுக்கும் வசதி இல்லாட்டி வேம்படியில விட்டிட்டுக் கிழமைக்கு ஒருக்கா வைப்பரடியைக் கையால அள்ளுங்கோ. பொலித்தீன் சுத்தி மட்டும் மூடாதேங்கோ, ஈரம் உள்ள நிண்டு பூஞ்சணம் பிடிக்கும்.

கேள்வி (தருமபுரம்): அண்ணை, மெல்லிய கம்பியெண்டால்...

பதில்: மேல வாசியுங்கோ.

கேள்வி (இரணைப்பாலை): கதவைத் திறந்து மூடேக்க உள்ள சளக்குச் சளக்கெண்டு சத்தம்.

பதில்: கதவின்ர கீழ் விளிம்பில நீட்டு ஓட்டையள் இருக்கு. ஈர்க்கால கிண்டி விடுங்கோ, பக்கத்தில நிக்காதேங்கோ, கால் நனையும்.

கேள்வி (வவுனியா, துணிக்கூரை): அண்ணை, ஊத்திப் பாத்தன். வலப்பக்கம் உடனே விழுது. இடப்பக்கம் ஒரு சொட்டும் இல்லை, பீலியில நிக்குது.

பதில்: ஊத்துறதை நிப்பாட்டுங்கோ. நிக்கிற தண்ணியைப் பஞ்சால ஒத்தி எடுத்திட்டு, அடியில இருந்து தங்கூசியை விட்டுப் பாருங்கோ. ஒரு சாணிலயே நிண்டால் குளவி. அதுக்கு மேல போய் நிண்டால் கை வைக்காமல் திங்கள் காலமை கொண்டு வாங்கோ. வாற வழியில முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிப்பாட்டினால், மரத்துக்குத் தள்ளி.