ஸ்கூல்ல குடுக்குற பூச்சி மாத்திரை நிஜமாவே கேக்குதா? கேட்டா ஏன் ஆறு மாசத்துக்கு ஒருக்கா திரும்பக் குடுக்கறாங்க?

நல்லாவே கேக்கும், ஆனா வயித்துல இருக்குறது எந்தப் புழுங்கிறதைப் பொறுத்து. லேப்ல மலப் பரிசோதனை பண்ற வேலை என்னோடது, அதனால மாத்திரைக்கு முன்னாடி பின்னாடி ரெண்டையும் பாக்குறேன்.

பெரும்பாலும் குடுக்குறது அல்பெண்டசோல் 400 மி.கி., இல்லன்னா மெபெண்டசோல் 500 மி.கி., ஒரே மாத்திரை. புழுவால குளுக்கோஸ் உறிஞ்ச முடியாம போயி பட்டினியில செத்துடும். உருளைப்புழுவுக்கு ரெண்டுமே பிரமாதம், 100 பேர்ல 90க்கு மேல ஒரே டோஸ்ல சரியாயிடும். கொக்கிப்புழுன்னா அல்பெண்டசோல் தான் கேட்டு வாங்கணும், 10ல கிட்டத்தட்ட 8 பேருக்கு கேக்குது, மெபெண்டசோல் ஒத்த டோஸ்ல 3ல ஒருத்தருக்குதான். ரத்தத்தை உறிஞ்சி பிள்ளைங்களுக்கு சோகை வர வைக்கிற புழு இது, அதனால இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்ல.

சாட்டைப்புழு தான் படுத்தி எடுக்கும். தலைப்பக்கத்தை பெருங்குடல் சுவருக்குள்ள செருகி வச்சிட்டு இருக்கும், ஒரு டோஸ்ல பாதிப் பேருக்குக்கூட முழுசாப் போகாது. மாத்திரை போட்டு ரெண்டு மூணு வாரம் கழிச்சு வர்ற சாம்பிள்ல உருளைப்புழு முட்டையே இருக்காது, ஆனா ரெண்டு முனையிலயும் மூடி வச்ச பீப்பாய் மாதிரி சாட்டைப்புழு முட்டை அங்கங்க இருக்கும், எண்ணிக்கை மட்டும் கொறஞ்சிருக்கும். அப்படி கொறையறதே பெரிய லாபம்ங்க, ஏன்னா புழு எவ்வளவு இருக்கோ அவ்வளவுதான் நோயும். ஐவர்மெக்டின் சேர்த்துக் குடுத்தா இதுக்கு இன்னும் நல்லா கேக்குது.

திரும்ப ஏன்னா, மாத்திரை அன்னைக்கு உள்ள இருக்குறதைத்தான் கொல்லும், நாளைக்கு வர்றதை தடுக்காது. உருளைப்புழு முட்டை மண்ணுல வருஷக்கணக்கா உயிரோட கெடக்கும், கொக்கிப்புழு வெறுங்கால் வழியாவே ஏறிடும். 2012ல பல ஆய்வுகளை சேர்த்து அலசினப்போ, ஆறே மாசத்துல உருளைப்புழு பழைய அளவுல மூணுல ரெண்டு பங்குக்கு திரும்பியிருந்துது, ஒரு வருஷத்துல கிட்டத்தட்ட பழைய நெலமைதான். அதனாலதான் 20 சதவீதப் பிள்ளைங்களுக்கு இருந்தா வருஷத்துக்கு ஒருக்கா, 50ஐ தாண்டினா ரெண்டு தடவைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கக்கூஸ், செருப்பு, கை கழுவ சோப்பு இதெல்லாம் சரியா இல்லாத இடத்துல மாத்திரை மட்டும் குடுத்துட்டே இருந்தா இந்த சுத்து நிக்கவே நிக்காது.

நெறைய அம்மாங்க "மாத்திரை போட்டும் பூச்சி விழலையே"ன்னு கேக்கறாங்க. கொக்கிப்புழு, சாட்டைப்புழுவெல்லாம் ரொம்ப மெலிசு, வெளிய வந்தாலும் கண்ணுல படாது. பிள்ளை ராத்திரில ஆசனவாயை சொறிஞ்சிட்டே இருந்தா அது கீரிப்பூச்சியா இருக்கலாம், அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு டோஸ் வேணும், வீட்டுல எல்லாரும் ஒண்ணா போடணும், டாக்டர்கிட்ட கேட்டுட்டு போடுங்க.