செருப்புக்கு வந்த கால்

கேள்வி: பழைய தொலைக்காட்சித் தொடர்களைப் பார்க்கும்போது கதையை விட்டுவிட்டு, மேஜைமேல் இருக்கும் டெலிபோன் எந்த வருடத்து மாடல் என்று கண்டுபிடிப்பதே என் வேலையாகிவிட்டது. தப்பான வருடத்துப் போன் இருந்தால் இரவு தூக்கம் வருவதில்லை. இது வெட்டி வேலை என்கிறாள் என் மனைவி. தங்கள் கருத்து?
– போன் பித்தன், பண்ணைக்காடு

பதில்: உங்கள் மனைவி சொன்னதைப் பற்றி நான் கருத்துச் சொல்வதாக இல்லை. பண்ணைக்காட்டிலிருந்து கொடைக்கானலுக்கு பஸ் இருக்கிறது, நேரில் வந்துவிடுவார். ‘தப்பான வருடத்துப் போன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தப்புக்கு வருகிறேன்.

கதை நடக்கும் வருடத்துக்குப் பிறகு வந்த போன் மேஜையில் இருந்தால் தப்பு. சரி. அதற்கு முன்பே வந்த போன் இருந்தால் அதில் என்ன தப்பு? வீட்டில் இருக்கும் சாமான் எல்லாமா இந்த வருடம் வாங்கியது? என் வீட்டுச் சுவர்க்கடிகாரம் என்னைவிட மூத்தது. நாளைக்கே என் வீட்டைப் படம் பிடித்து ஒளிபரப்பினால், கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் எனக்கு நாலு பக்கம் கடிதம் எழுதுவீர்கள்.

1960 முதல் 1968 வரை அமெரிக்காவில் ‘தி ஆண்டி கிரிஃபித் ஷோ’ என்று ஒரு தொடர் ஓடியது. சின்ன ஊர், அதற்கு ஒரு ஷெரீஃப். அவர் மேஜையில் தண்டுபோல நிமிர்ந்து நிற்கும் பழங்காலத்துப் போன். ஒரு கையில் தண்டு, மறு கையில் காதில் வைக்கும் குழல். எடுத்ததும் ‘சாரா’ என்று, லைன் இணைத்துக் கொடுக்கும் எக்ஸ்சேஞ்ச் பெண்ணைக் கூப்பிடுவார்கள். அந்த சாராவின் முகத்தைக் காட்டவே மாட்டார்கள். அறுபதுகளில் இந்தப் போனா என்று உங்களுக்குத் தூக்கம் போயிருக்கும். ஆனால் அதே அமெரிக்காவில், மெயின் என்ற மாநிலத்தில், பிரையன்ட் பாண்ட் என்ற ஊர்க்காரர்கள் 1983 வரைக்கும் கைப்பிடியைச் சுற்றி எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டுத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். நிலாவில் மனிதன் நடந்து பதினாலு வருடம் கழித்து! ஷெரீஃப் வீண் பழி சுமக்கிறார்.

‘கிரீன் ஏக்கர்ஸ்’ இன்னும் விசேஷம். நியூயார்க் வக்கீல் ஒருவர் விவசாயம் பார்க்கக் கிராமத்துக்கு வருகிறார். போன் லைன் கம்பத்தோடு நின்றுவிட்டது, வீட்டுக்குள் வரவில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் கம்பத்தில் ஏறி, உச்சியில் உட்கார்ந்து பேசுகிறார். அமெரிக்காவில் அதற்குச் சிரித்தார்கள். மேல்மலைப் பக்கம் டவர் கிடைக்காமல் பாறைமேல் ஏறி நின்று ‘ஹலோ, ஹலோ’ என்று கத்தியவர்கள் யாரும் சிரிக்க மாட்டார்கள். அது நகைச்சுவைத் தொடர் என்றே நம்ப மாட்டார்கள்.

எல்லா வீட்டிலும் ஒரே போனைக் காட்டுகிறார்களே, ஆர்ட் டிபார்ட்மென்ட்காரர்களுக்கு அவ்வளவு சோம்பலா என்று கேட்கிறவர்களும் உண்டு. சோம்பல் இல்லை. அந்தக் காலத்து அமெரிக்காவில் போன் வீட்டுக்காரரின் சொத்தே அல்ல. பெரும்பாலான ஊர்களில் அது பெல் கம்பெனியின் சொத்து, வீட்டில் இருப்பவர் மாத வாடகை கட்டுவார். அந்தக் கம்பெனிக்குக் கருவி செய்து கொடுத்தது வெஸ்டர்ன் எலக்ட்ரிக். 1937-இல் 302 என்ற மாடல் வந்தது. 1949-இல் ஹென்றி டிரெய்ஃபஸ் வடிவமைத்த 500 வந்தது. சீமான் வீட்டிலும் குமாஸ்தா வீட்டிலும் அதுதான். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் டயலைப் பாருங்கள்: 302-இல் எண்கள் விரல் ஓட்டைகளுக்கு உள்ளே இருக்கும், 500-இல் வெளி வட்டத்தில் இருக்கும். அதிலும் ஒரு வம்பு உண்டு. பழைய 302-இன் உள்சாமான்களை வீணாக்காமல், மேலே 500 மாதிரி ஒரு கூட்டை மாட்டி 5302 என்று அனுப்பிவிட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்துவிட்டு ‘இது 500தான்’ என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்யாதீர்கள்.

இனி உண்மையான தப்புக்கு வருவோம். பொத்தான் போனை பெல் கம்பெனி 1963 நவம்பரில் பொதுமக்களுக்குக் கொடுத்தது. அப்போது அதில் பத்தே பொத்தான். நட்சத்திரக் குறியும் ஹாஷும் சேர்ந்து பன்னிரண்டானது 1968-இல். ஆகவே 1965-இல் நடக்கும் கதையில் பன்னிரண்டு பொத்தான் தெரிந்தால், தாராளமாகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளுங்கள். நானும் கூட முழித்திருக்கிறேன்.

நம் ஊரில் இந்தக் கணக்கு எடுபடவில்லை. ஏரிப் பக்கம் ஒரு பழம்பொருள் கடையில், ‘பிரிட்டிஷ் காலத்து பங்களாவில் எடுத்தது’ என்று பளபளவென்று ஒரு பித்தளைப் போன் வைத்திருந்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தேன். டயல் வட்டமாகத்தான் இருக்கிறது, சுற்றத்தான் மாட்டேன் என்கிறது. விரல் விடும் ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் குமிழ் குமிழாகப் பொத்தான். நட்சத்திரக் குறி உண்டு, ஹாஷ் உண்டு, கடைசியாகப் பேசிய நம்பரையே திரும்பப் போடும் ரீடயல் பொத்தானும் உண்டு. ‘வெள்ளைக்காரத் துரை ரீடயல் போட்டு யாரைக் கூப்பிட்டார்?’ என்று கேட்டேன். கடைக்காரர் அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். பிறகு ஒரு தொடரில் ஜமீன்தார் அதே போனைக் காதில் வைத்துக்கொண்டு சொத்துத் தகராறு பேசுவதைப் பார்த்தேன். வாடகைக்கு விட்டிருக்கிறார்! போன தீபாவளி மலருக்கு விளம்பரம் கேட்டு ஆள் அனுப்பினேன். ‘உங்கள் ஆசிரியர் காசு கொடுத்து ஒரு போன் வாங்கட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று சொல்லி அனுப்பினார். இதையும் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும்.

சிவப்புப் போனைப் பற்றிச் சுருக்கமாக. 1966-இல் தொடங்கிய ‘பேட்மேன்’ தொடரில் போலீஸ் கமிஷனர் அறையிலிருந்து பேட்மேனைக் கூப்பிட ஒரு சிவப்புப் போன் வரும். வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையில் நிஜமாகவே ஒரு சிவப்புப் போன் இருந்தது என்று இன்னமும் பட்டிமன்றங்களில் சொல்கிறார்கள். 1963-இல் போட்ட அந்த அவசர லைனில் இருந்தது டெலிபிரிண்டர். டைப் அடித்துத்தான் அனுப்பினார்கள். சிவப்பும் கிடையாது, போனும் கிடையாது.

எனக்குப் பிடித்தது ‘கெட் ஸ்மார்ட்’. 1965 முதல் 1970 வரை வந்தது. அதில் வரும் உளவாளி மாக்ஸ்வெல் ஸ்மார்ட்டுக்கு ஷூவுக்குள் போன். ஷூவைக் கழற்றி, அடிப்பாகத்தைத் திறந்து, டயலைச் சுற்றி, காதில் வைத்துப் பேசுவார். அமெரிக்காவில் ஷூவோடு வீட்டுக்குள் நடமாடுகிறவர்கள், அதனால் அங்கே சரிப்பட்டு வந்தது. அந்த ஆளைக் கொடைக்கானலுக்கு மாற்றல் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

துப்பறிய ஒரு வீட்டுக்குப் போகிறார். வாசலிலேயே ‘செருப்பை வெளியே விடுங்க தம்பி’ என்கிறார் பாட்டி. போச்சு, தலைமையகத்தோடு தொடர்பு அறுந்தது. சந்தேக ஆளைப் பின்தொடர்ந்து குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போகிறார். வெளியே நூறு ஜோடிக்கு நடுவில் இவருடையதும் கிடக்கிறது. உள்ளே தீபாராதனை நடக்கும்போது வெளியே செருப்புக் குவியலில் மணி அடிக்கிறது. கோயில் மணி என்று நினைத்து நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். செருப்புக்குக் காவல் இருக்கும் அம்மா ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்த்து, கடைசியில் சரியானதைப் பிடித்துவிடுகிறார். வாஷிங்டனிலிருந்து மேலதிகாரி ரகசியக் குரலில் ஏதோ சொல்கிறார். ‘அவரு சாமி கும்பிடப் போயிருக்காரு, அஞ்சு நிமிசம் கழிச்சுப் போடுங்க’ என்று இந்த அம்மா வைத்துவிடுகிறார். உளவாளி வெளியே வரும்போது ஷூ இல்லை. அதற்குப் பதில் வார் அறுந்த ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. போன் வத்தலக்குண்டு பஸ்ஸில் மலை இறங்கிக்கொண்டிருக்கிறது. அதன்பிறகு மேலதிகாரி எப்போது கூப்பிட்டாலும் ‘எங்கேஜ்டு’. யாரோ நடந்துகொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எங்கேயோ போய்விட்டேன். நம் ஊர்த் தொடர்களைப் பற்றியும் நீங்கள் கேட்டதாக வைத்துக்கொள்கிறேன்.

நம்மிடம் மாடல் பார்க்க அதிகம் இல்லை. 1948-இல் பெங்களூரில் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் தொடங்கியது. அவர்கள் செய்த கருப்புப் போன்தான் கலெக்டர் ஆபீஸ் முதல் காபி மண்டி வரைக்கும். ஆகவே போனை விட்டுவிட்டு நடிகரின் விரலைப் பாருங்கள். டயலை இழுத்து விட்ட பிறகு அது தானாகத் திரும்பி வருமே, அப்போதுதான் லைன் துண்டு துண்டாக அறுந்து சேர்ந்து, எண் எக்ஸ்சேஞ்சுக்குப் போகும். 3-க்கு மூன்று துடிப்பு, பூஜ்யத்துக்குப் பத்து. வினாடிக்குப் பத்துத் துடிப்பு என்று கணக்கு. பூஜ்யம் திரும்பி வர மட்டுமே ஒரு வினாடி ஆகும். இளம் நடிகர்கள் டயலை விரலாலேயே திருப்பித் தள்ளுகிறார்கள். அந்த நம்பர் ஜென்மத்துக்கும் போகாது. மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு உடனே ‘மாமா, நான்தான்’ என்பார்கள். வீட்டில் போன் இருந்த பிள்ளையா, ஷூட்டிங்கில்தான் முதலில் தொட்டதா என்று அந்த ஆள்காட்டி விரல் சொல்லிவிடும்.

காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். நம் போன் இரண்டிரண்டாக அடிக்கும். 0.4 வினாடி மணி, 0.2 வினாடி இடைவெளி, மறுபடி 0.4 வினாடி மணி, அப்புறம் இரண்டு வினாடி மௌனம். பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போன வழக்கம். அமெரிக்காவில் இரண்டு வினாடிக்கு ஒரே நீள மணி, பிறகு நாலு வினாடி மௌனம். தஞ்சாவூர்ப் பண்ணையார் வீட்டுப் போன் நீளமாக ஒற்றை மணி அடித்தால், எங்கிருந்தோ இலவசமாக எடுத்த சத்தம் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

இதையெல்லாம்விட எனக்குக் குறையாகப் படுவது போனைச் சுற்றி இருக்க வேண்டியவை. மேலே குரோஷாவில் பின்னிய துணி எங்கே? நூலில் கட்டிய பென்சில் எங்கே? பக்கத்து வீட்டுக்காரர் எங்கே? கல்யாணப் பத்திரிகையில், லெட்டர்பேடில் எல்லாம் ‘போன்: 42 பி.பி.’ என்று போட்டிருப்பார்களே, அந்த பி.பி. பக்கத்து வீட்டு நம்பர். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு போன்தான். ‘மதுரையிலிருந்து டிரங்க் கால், ஓடியா’ என்று குரல் வந்தால் தெருவே வாசலுக்கு வந்துவிடும். டிரங்க் கால் என்றால் எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்து பேசும் வெளியூர் அழைப்பு. அவசரத்துக்குத் தக்கபடி ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தினுசு. லைட்னிங் என்றாலே யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம், பெண்கள் அப்போதே அழத் தொடங்கிவிடுவார்கள். தொடர்களில் பார்த்தால் ஏழை வீட்டிலும் போன் இருக்கிறது, பேசி முடிக்கும்வரை பின்னால் ஒரு ஆள் நிற்பதில்லை. மாடல் சரி, வருடம் சரி, தெருவைக் காணோம்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பூட்டு. டயலின் 1-ஆம் ஓட்டையில் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு குட்டிப் பூட்டு போட்டுவிட்டால் 1-க்கு மேல் எதுவும் சுற்ற வராது. சாவி அப்பாவின் பூணூலிலோ அம்மாவின் தாலிச் சரட்டிலோ இருக்கும். ரிசீவர் வைக்கும் கட்டையைத் தட்டித் தட்டியே நம்பர் போடலாம் என்பதை எல்லா வீட்டுப் பையன்களும் ஒருநாள் கண்டுபிடித்தார்கள். மூன்று தட்டினால் 3, பத்து தட்டினால் பூஜ்யம். நடுவில் தும்மல் வந்தால் ராங் நம்பர். நான் பார்த்த வரையில் எந்தத் தொடரிலும் பூட்டுப் போட்ட போன் வரவில்லை. நீங்கள் பார்த்தால் தொடர் பெயரோடு எழுதுங்கள், ஒரு வருடச் சந்தா இலவசம். வாசகர்கள் யார் வீட்டுப் பரணிலாவது அந்தப் பூட்டு கிடந்தால் அனுப்பிவையுங்கள். சாவி தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, எனக்குத் தட்டத் தெரியும்.