மழைக்காட்டு நடைக்கும் அருவிக் குளியலுக்கும் தருமபுரியிலிருந்து போகிறவர்கள் எப்படித் தயாராவது?

பென்னாகரம் பக்கத்துக் காடு இலையுதிர் காடு. அதில் நடந்து பழகிய கால் என்று நம்பி மழைக்காட்டுக்குக் கிளம்பினால் அட்டையும் வழுக்கலும் படுத்திவிடும்.

சாதாரண சாக்ஸின் இழை இடைவெளியில் அட்டை புகுந்துவிடும். நெருக்கமாக நெய்த, முழங்கால் வரை வரும் அட்டை சாக்ஸ் வாங்குங்கள். கடித்தால் உப்போ நெருப்போ வைக்காதீர்கள், குடித்ததைக் காயத்திலேயே கக்கக்கூடும். மெலிந்த முனைதான் வாய். அங்கே நகத்தால் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். ரத்தத்தை உறையவிடாத பொருளை அது செலுத்துவதால் கசிவு சில மணி நேரம்கூட நீடிக்கும். கழுவி அழுத்திக் கட்டுங்கள், பயம் வேண்டாம்.

ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும், தவிருங்கள். புது ஷூவை இரண்டு வாரம் முன்பே வத்தல்மலை ஏற்றத்தில் போட்டுப் பழகுங்கள்.

உயிராபத்து குளியலில்தான். ஒகேனக்கல் பழக்கத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்காதீர்கள். பாசிப் பாறையில் கால் நிற்காது. குதிக்கவே கூடாது. அருவிக்கு நேர் கீழேயும் நிற்க வேண்டாம், கல்லும் கட்டையும் விழும். மேலே மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். தண்ணீர் கலங்கினாலோ, சருகு திரண்டு வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ பையை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். நீச்சல் தெரியாவிட்டால் கிளம்பும் முன்பே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள்.