தண்ணீர்மலைப் பக்கம் காலை நடை: கேள்வி பதில்

பினாங்கு தாவரவியல் பூங்காவில் வாரம் தவறாமல் கேமராவோடு நடக்கிறேன். நம் ஆட்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஜெலுத்தோங் அக்கா: லோத்தோங் (இலை தின்னும் கருங்குரங்கு) குட்டியைப் படம் எடுக்க ஆசை. எப்போது வரலாம்?

காலை ஏழரைக்கு மேல் வாருங்கள் அக்கா. அதற்கு முன் மரத்தடியில் வெளிச்சம் போதாது. காற்றே இல்லாதபோது ஒரு கிளை மட்டும் ஆடினால் அங்கேயே நின்றுவிடுங்கள். பெரியவை சாம்பல் கலந்த கருப்பு. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். குட்டி மட்டும் நல்ல ஆரஞ்சு. சில மாதங்களில் அந்த நிறம் போய்விடும்.

கண்டதும் கிட்டே போகாதீர்கள். தொடக்கத்தில் நான் அப்படித்தான் நாலு அடி முன்னே வைத்தேன். இலை தின்றுகொண்டிருந்த தாய், குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உச்சிக்கு ஏறிவிட்டது. அதன் சாப்பாட்டைக் கெடுத்தது இன்றும் எனக்கு உறுத்தல்தான். இப்போதெல்லாம் தள்ளி உட்கார்ந்துவிடுவேன். கொஞ்ச நேரத்தில் அவை என்னை மறந்து மறுபடி இலை பறிக்கும். ஒருநாள் குட்டி ஒன்று தாயின் வாலைப் பிடித்துத் தொங்கியது. பின்னால் இருந்து வெயில் பட்டு, அதன் காது செம்பருத்தி இதழ்போலச் சிவந்து தெரிந்தது. கிட்டே போயிருந்தால் அந்தக் காட்சி கிடைத்திருக்காது.

பாயான் பாரு தம்பி: கருப்புக் குரங்கு படத்தில் வெளுத்து வருகிறது. கேமரா கோளாறா?

இல்லை தம்பி. கேமரா எதையும் நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். கருப்பு உருவம் படத்தை நிறைத்தால் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும். எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தை) முக்கால் ஸ்டாப் அளவுக்குக் குறையுங்கள்; ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரு மடங்கு. வானத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தால் நேர்மாறாக, ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். ஷட்டர் வேகம் 1/500 நொடி வேண்டும்; அதற்காக ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) 1600, 3200 போய்ப் படத்தில் புள்ளி விழுந்தாலும் பரவாயில்லை. புள்ளி விழுந்த படத்தைத் தேற்றலாம், ஆடிப்போன படத்தைத் தேற்ற முடியாது.

பட்டர்வொர்த்திலிருந்து: காரை விட்டு இறங்கியதும் லென்ஸில் ஆவி படிகிறதே?

ஏர்கான் குளிர்தான் காரணம். பினாங்குப் பாலத்தில் வரும்போதே ஏர்கானை அணைத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள். கேமரா பைக்குள்ளேயே இருந்து மெல்லச் சூடேறட்டும்.

ஆயர் ஈத்தாம் ஐயா: பேரன் குரங்குக்கு ரொட்டி போட அடம்பிடிக்கிறான்.

வேண்டாம் ஐயா. லோத்தோங்கின் வயிறு பல அறை கொண்டது. உள்ளே நுண்ணுயிர்கள் இலையை நொதிக்க வைத்துத்தான் செரிக்கும். ரொட்டியும் இனிப்பும் அதைக் கெடுத்துவிடும். இங்கே இருக்கும் இன்னொரு குரங்கான கெரா (நீளவால் குரங்கு) எது கொடுத்தாலும் தின்னும். அப்புறம் அடுத்து வரும் பிள்ளையின் பையைப் பிடுங்கும், கடிக்கும். பழி குரங்கின் மேல் விழும். பேரன் கையில் ஒரு தொலைநோக்கியைக் கொடுங்கள், ரொட்டி மறந்துபோகும்.

தஞ்சோங் பூங்கா தங்கை: மரத்தில் பட்டைபோல ஒட்டியிருந்தது, திடீரென்று கண் திறந்தது. அது என்ன?

அது குபோங் (கொலுகோ என்ற சறுக்கும் விலங்கு), அம்மா! உங்களுக்கு நல்ல கண். பகலெல்லாம் இப்படி ஒட்டிக்கொண்டு தூங்கும். இரவில் தோல் சவ்வை விரித்து, ஒரே வீச்சில் நூறு மீட்டருக்கு மேல்கூட மரம் விட்டு மரம் சறுக்கும். பிளாஷ் போடாதீர்கள். எந்த மரம் என்று எல்லாரிடமும் சொல்லவும் வேண்டாம், கூட்டம் கூடிவிடும். அடுத்த முறை வயிற்றுப் பக்கத்து மடிப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். அது லேசாக அசைந்தால் உள்ளே குட்டி இருக்கலாம்.