கேம்களில் வரும் பேய்கள் நிஜமாகவே நாட்டார் கதைகளில் உண்டா, அல்லது வெறும் கற்பனையா?

பல கேம்களில் பெயரும் உருவமும் நாட்டார் கதையிலிருந்து வரும், சண்டை போடும் விதம்தான் புதிது.

'தி விட்சர் 3' (2015) கேமில் வரும் நண்பகல் பேயைப் பாருங்கள். ரஷ்யா, போலந்து பக்கம் வாழும் ஸ்லாவிய மக்களின் 'பொலுட்னிட்சா'தான் அது: உச்சி வெயிலில் வயலில் நிற்பவர்களைப் பிடிக்கும் வெள்ளுடைப் பெண். வெயிலில் சுருண்டு விழுவதற்கு அந்தக் காலத்தில் சொன்ன காரணம் இதுதான் போலிருக்கிறது. கேமில் முதலில் அவளுடைய எலும்பையும் காப்பையும் தேடி எரித்து அவளை வரவழைக்க வேண்டும். வந்தாலும் புகைபோல நிற்பாள், வாள் சரியாக இறங்காது. தரையில் 'யிர்டென்' மந்திர வட்டம் போட்டு அதற்குள் இழுத்தால்தான் உருவம் திரளும், வெட்டு விழும்.

உடம்பே இல்லாததை எப்படி அடிப்பது? கேம் செய்கிறவர்களுக்குப் பெரிய தலைவலியே இதுதான். ஜப்பானின் 'ஃபேட்டல் ஃபிரேம்' (2001) கையில் ஒரு பழைய கேமராவைக் கொடுத்தது. படம் பிடிப்பதுதான் அடி. அதுவும் பேய் முகத்துக்கு நேரே வரும்வரை பொறுத்து எடுத்தால் அடி பலமாக விழும், ஆனால் கை நடுங்கும்! இந்தோனேசியாவின் 'ட்ரெட்அவுட்' (2014) அதையே செல்போன் கேமராவில் செய்தது. பிணத்துணியோடு கட்டுண்டு வரும் அந்த ஊர் 'பொச்சோங்' பேய் அதில் உண்டு.