உரித்த பட்டாணித் தோடு

வணக்கம் ஐயா,
ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’ நாடகத்தில் கோமாளி மன்னரைக் காட்டி ‘ஷீல்ட் பீஸ்காட்’ என்கிறான். கேடயம் என்று நினைத்துக் குழம்பினேன். ஓட்டைக் குறிக்கும் ‘ஷெல்’ என்ற சொல்லே நம் ‘சுளை’யிலிருந்து போனதுதானே?
– ஆர்.

அன்புள்ள ஆர்.,

சுளையை விட்டுவிடுங்கள். சுளை உள்ளே இருப்பது, ஷெல் வெளியே இருப்பது. ஓசை ஒத்ததும் உறவு கொண்டாடும் இந்தப் பழக்கம் தமிழுக்குப் பெருமை சேர்ப்பதில்லை. ‘ஷெல்’ பழைய ஜெர்மானியச் சொல். மீன் செதிலைக் குறிக்கும் ‘ஸ்கேல்’ அதற்குப் பங்காளி.

கேடயத்தில் இடறியதற்கு வெட்கப்படாதீர்கள், காதுக்கு இரண்டும் ஒன்றுதான். ‘ஷெல்’லுக்கு உறவான ‘ஷீல்’ என்றால் உரிப்பது, ‘பீஸ்காட்’ பட்டாணிக்காய். நாட்டை மகள்களுக்குக் கொடுத்துவிட்டு நிற்கும் கிழவர் வெறும் தோடு. அவ்வளவுதான்.

ஆனால் ‘ஓடு நீக்குதல்’ என்று அகராதி ஒரு வரியில் முடித்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியாது. அந்த வினைச்சொல் பாடுபட்ட இடம் ஸ்காட்லாந்தின் ஓட்ஸ் ஆலை. பட்டாணிக்குக் கட்டைவிரல் போதும். ஓட்ஸில் உமி அரிசியை இறுகப் பற்றியிருக்கும். முதலில் சூளையில் உலர்த்த வேண்டும். ஈரம் இருந்தால் உமி உடையாது, வளையும், அரிசிதான் நசுங்கும். அடுத்து உரிக்கும் கற்கள். இவை மாவரைக்கும் கற்கள் அல்ல, தனி ஜோடி. இரண்டு கல்லுக்கும் இடைவெளி தானியத்தின் நீளத்தைவிடச் சற்றே குறைவு. உள்ளே போகும் மணி நிமிர்ந்து, முனையில் நெருக்கப்பட்டு, உமி தெறிக்கும். கல் நெருங்கினால் நொய்யாகி, மாவு உமியோடு போகும். விலகினால் மணி முழுசாக வெளியே வரும். சிறு மணியும் பெரு மணியும் கலந்திருந்தால் எந்த இடைவெளியும் சரிப்படாது. அதனால் முன்பே சலித்துப் பிரிக்க வேண்டும். அரைப்பதையும் உரிப்பதையும் ஒன்றாக மொழிபெயர்ப்பவர்கள் ஒருமுறையாவது நெல் குத்திப் பார்க்கட்டும்!

உரித்ததை ஆலைக்குப் பக்கத்து மேட்டில் காற்றில் தூற்றினார்கள். விசிறிப்பொறி வந்தபின் அந்த மேட்டுக்கு வேலையில்லை. ஆனால் ‘ஷில்லிங் ஹில்’ என்ற பெயர் நின்றுவிட்டது. அந்த ஷில்லிங் நாணயம் அல்ல, நம் ‘ஷீல்’தான்.

உமியையும் வீணாக்கவில்லை. அதில் ஒட்டிய மாவோடு சில நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, புளித்ததும் வடிகட்டி, அடியில் படிந்ததைக் கூழாகக் காய்ச்சினார்கள். அதன் பெயர் சோவன்ஸ்.